அறைச்செடிகளில் இலை மஞ்சளாகி, நுனி அப்பளம் போல நொறுங்குகிறது: பாலக்கோட்டில் நான் எங்கே தவறுகிறேன்?

பாலக்கோடு செடிவீடு, மார்ச் 9, காலை

அனைவருக்கும் வணக்கம். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் இரண்டு ஆண்டுகளாக அறைச்செடிகளை வளர்த்து, ஓசூரிலும் பெங்களூரிலும் உள்ள கடைகளுக்குக் கொடுத்து வருகிறேன். அறை 14 அடிக்கு 12 அடி. கிழக்கே ஒரு சன்னல் மட்டும் உண்டு. மூன்று அடுக்கு இரும்புத் தட்டுகளில் எல்.இ.டி. குழல்விளக்குகளைப் பொருத்தி, நாளொன்றுக்கு 12 மணி நேரம் எரிய விடுகிறேன். இப்போது 160 தொட்டிகள் இருக்கின்றன: ஸ்பைடர் பிளான்ட், ட்ரசீனா, பீஸ் லில்லி, மணி பிளான்ட், சிங்கோனியம். மண் கலக்காமல் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் சேர்த்த கலவையில்தான் எல்லாம் வளர்கின்றன.

தை மாதத்திலிருந்து இலைகள் கெட்டு வருகின்றன. ஸ்பைடர் பிளான்டில் இலை நுனி பழுப்பாகி, அந்தப் பழுப்பு நாளுக்கு நாள் உள்நோக்கி இறங்குகிறது. ட்ரசீனாவில் நுனியோடு ஓரமும் காய்ந்து, விரலால் தொட்டால் அப்பளம் போல நொறுங்குகிறது. பீஸ் லில்லியிலோ இலை வெளுத்து மஞ்சளாகிறது. சத்துக் குறைவுதான் காரணம் என்று எண்ணி, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள, லிட்டருக்கு 2 கிராம் போட்டுவந்த 19:19:19 உரத்தை 5 கிராமாக உயர்த்தினேன். எப்சம் உப்பையும் இருமுறை தெளித்தேன். ஆனால் கருகல் குறையாமல் கூடித்தான் போயிற்று. சென்ற வாரம் 40 ஸ்பைடர் பிளான்டுகளைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். இந்த வருமானத்தை நம்பித்தான் மகளின் கல்லூரிக் கட்டணத்தைத் திட்டமிட்டிருந்தேன். என்ன மருந்து அடித்தால் இது நிற்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காரிமங்கலம் தோட்டம், மார்ச் 9, காலை

தண்ணீர் அதிகமாகிவிட்டது, சகோதரி. நார்க்கழிவு மேலே காய்ந்தாற்போல் தெரிந்தாலும் அடியில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பத்து நாள் தண்ணீரை நிறுத்திப் பாருங்கள்.

ஊத்தங்கரை விவசாயி, மார்ச் 9, மதியம்

ஓரம் கருகினால் அது சாம்பல் சத்துக் குறைவு என்றுதான் எங்கள் பகுதியில் கண்டிருக்கிறோம். வாழையிலும் இப்படித்தான் ஓரத்திலிருந்து காயும். சல்பேட் ஆஃப் பொட்டாஷ் லிட்டருக்கு 5 கிராம் கலந்து இலைவழியாகத் தெளியுங்கள்.

கெலமங்கலம், மார்ச் 9, மாலை

மாசி, பங்குனியில் காற்று வறண்டுவிடும்போது மூடிய அறைகளில் செம்பேன் பெருகும். ஒரு வெள்ளைத்தாளை இலைக்கடியில் பிடித்து, இலையைத் தட்டிப் பாருங்கள். புள்ளிகள் விழுந்து நகர்ந்தால் பேன்தான். அதை விரலால் தேய்த்தால் சிவந்த கோடு படியும்.

மத்தூர் நாற்றங்கால், மார்ச் 9, இரவு

அம்மா, முதலில் ஒரு வேண்டுகோள். இந்த இழையில் வரும் எந்த மருந்தையும், நான் சொல்லப் போவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இரண்டு நாளைக்குப் பயன்படுத்தாதீர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாற்றங்கால் நடத்துகிறேன். நோயால் போன செடிகளைவிட, நோய் இன்னதென்று தெரியுமுன் கொடுத்த மருந்தால் போன செடிகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நீங்கள் உரத்தை 2 கிராமிலிருந்து 5 கிராமாக உயர்த்திய நாளிலிருந்து கருகல் கூடியது என்பதே பெரிய சாட்சி. பசியால் வாடிய செடிக்குச் சோறு கொடுத்தால் தெளிய வேண்டுமே தவிர மோசமாகக் கூடாது.

இலை மஞ்சளாவதும் கருகுவதும் ஒரே நோயின் இரண்டு நிலைகள் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. மஞ்சள் என்பது பச்சையம் உருவாகவில்லை அல்லது சிதைகிறது என்பதன் அடையாளம். கருகல் என்பது அந்த இடத்துத் திசு செத்துவிட்டது என்பதன் அடையாளம். எனவே ஒவ்வொரு செடியின் முன்னும் நின்று, இது எந்த இலை, கீழே இருக்கும் முதிர்ந்த இலையா அல்லது நடுவிலிருந்து புதிதாக வரும் குருத்தா என்று பாருங்கள். தழைச்சத்து, சாம்பல் சத்து, மக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம்பெயரக் கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி முதிர்ந்த இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுக்கும். ஆகவே கீழ் இலைதான் முதலில் காட்டும். இலை முழுக்க ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்து, நரம்புகள் பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியம், ஓரம் தீய்ந்தால் சாம்பல் சத்து என்று ஓரளவு பிரிக்கலாம். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் அப்படி நகர மாட்டா. அவற்றின் குறையைக் குருத்துதான் முதலில் காட்டும். இரும்புக் குறையில் புது இலை நரம்பு பச்சை, இடை மஞ்சள் என்று வலைபோல் தெரியும்.

இவற்றோடு சேராத இன்னொரு வகை உண்டு. வேர் வழியாகத் தண்ணீரோடு ஏறிய தேவையற்ற உப்பு, தண்ணீர் ஆவியாகி வெளியேறும் கடைசி இடமான இலை நுனியிலும் ஓரத்திலும் தங்கிவிடும். அங்கிருந்து அது திரும்பி வராது. நாள்பட்ட இலையில் அது அதிகம் சேர்ந்திருக்கும் என்பதால் முதிர்ந்த இலையின் நுனிதான் முதலில் சாகும். இதைச் சாம்பல் சத்துக் குறைவு என்று தவறாக எண்ணி மேலும் உப்பையே கொடுப்பது எளிதாக நடக்கிற பிழை. ஊத்தங்கரை நண்பர் சொன்ன வாழை உதாரணம் நிலத்துக்குச் சரிதான். ஆனால் லிட்டருக்கு 5 கிராம் 19:19:19 குடிக்கும் தொட்டியில் சாம்பல் சத்து எப்படிக் குறையும் என்று அவரே யோசித்துப் பார்க்கட்டும்.

நாளைக் காலையில் நான்கு செய்திகளைத் தாருங்கள். கெலமங்கலம் நண்பர் சொன்ன வெள்ளைத்தாள் சோதனையைச் செய்யுங்கள். இரண்டு தொட்டிகளைக் கவிழ்த்து, வேர் வெள்ளையாக இருக்கிறதா, பழுப்பாகிக் குழகுழத்து நாறுகிறதா என்று பாருங்கள். தொட்டிக்கு எப்போதும்போல் நீர் ஊற்றிய அரைமணி கழித்து, மேலும் ஒரு சிறு டம்ளர் ஊற்றி, வடிதுளையில் ஒழுகும் நீரைப் பிடித்து ஈ.சி.யும் (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) பி.எச்.சும் (அமில, காரத் தன்மை) அளந்து சொல்லுங்கள். கடைசியாக, எந்தச் செடி கெடவில்லை என்று சொல்லுங்கள். கெட்ட செடிகளைவிட, கெடாத செடிதான் எனக்கு அதிகம் சொல்லும்.

பாலக்கோடு செடிவீடு, மார்ச் 10, மாலை

ஐயா, நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். வெள்ளைத்தாளில் பத்துச் செடிகளைத் தட்டியும் தூசிதான் விழுந்தது, நூலாம்படையும் இல்லை. வேர்கள் வெள்ளையாக, தடித்து, நாற்றமின்றி இருக்கின்றன. ஸ்பைடர் பிளான்டில் சில வேர்களின் முனை மட்டும் பழுப்பு. ஈ.சி. மீட்டரை உறவினர் ஒருவரின் பசுமைக்குடிலிலிருந்து இரவல் வாங்கினேன். வடிந்த நீர் 5.6 காட்டுகிறது, அதன் பி.எச். 7.6.

ஸ்பைடர் பிளான்டிலும் ட்ரசீனாவிலும் முதிர்ந்த இலைகளின் நுனிதான் கருகியிருக்கிறது. குருத்து சுத்தமாக இருக்கிறது. பீஸ் லில்லியில் நேர் எதிராக, புதிதாக விரியும் இலைதான் நரம்பு பச்சையாகவும் இடை மஞ்சளாகவும் இருக்கிறது. இத்தனை நாளும் எல்லாவற்றையும் ஒரே நோய் என்று ஒரே மருந்தைக் கொடுத்து வந்திருக்கிறேன். மணி பிளான்டும் சிங்கோனியமும் வளர்ச்சி குறைந்திருந்தாலும் கருகவில்லை.

தண்ணீர் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆழ்துளைக் கிணறு கோடையில் வற்றும் நிலைக்கு வந்துவிடுவதால், ஒரு குடம் நீரைக்கூட வீணாக்கக் கூடாது என்பது வீட்டு வழக்கம். குடிப்பதற்கு வைத்திருக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீரை ஒரு பெரிய தொட்டியில் பிடித்து, அதைத்தான் செடிகளுக்கு ஊற்றுகிறேன். கிணற்று நீர் ஈ.சி. 1.5, கழிவு நீர் 2.0.

மத்தூர் நாற்றங்கால், மார்ச் 10, இரவு

நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் நான் இன்னும் ஒரு வாரம் சுற்றியிருப்பேன். தண்ணீரைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

தண்ணீரை வீணாக்காத உங்கள் எண்ணத்தை மதிக்கிறேன், ஆனால் ஆர்.ஓ. இயந்திரம் உப்பை அழிப்பதில்லை, ஒரு பக்கத்திலிருந்து எடுத்து மறுபக்கம் தள்ளுகிறது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடுவோம். நான்கு லிட்டர் உள்ளே போய், ஒரு லிட்டர் குடிநீராகவும் மூன்று லிட்டர் கழிவாகவும் வெளியே வந்தால், நான்கு லிட்டரின் உப்பு ஏறக்குறைய முழுதும் அந்த மூன்று லிட்டருக்குள் அடைந்துவிடுகிறது. அதாவது 1.33 மடங்கு. உங்கள் 1.5, 2.0 என்ற இரண்டு அளவுகளும் இந்தக் கணக்கோடு அப்படியே பொருந்துகின்றன. அதில் 5 கிராம் உரத்தையும் கலந்து, அடிவழியே வடியாத அளவுக்குச் சிக்கனமாக ஊற்றினால், செடி நீரை மட்டும் குடித்துவிட்டு உப்பைத் தொட்டியிலேயே விட்டுவிடும். வடிநீர் 5.6 ஆனது அப்படித்தான். இலைக்காக வளர்க்கும் அறைச்செடிகளுக்கு 2க்கு மேல் போவதையே நான் விரும்ப மாட்டேன்.

ஆனால் உப்பு மட்டுமே காரணம் என்றால் மணி பிளான்டும் ஓரளவு கருகியிருக்க வேண்டும். கருகியவை ட்ரசீனாவும் ஸ்பைடர் பிளான்டும் என்பதுதான் என்னை உறுத்துகிறது. உலகெங்கும் தோட்டக்கலைக்காரர்கள் ஃபுளோரைடு தாங்காத செடிகளைப் பட்டியலிட்டால் முதல் வரிசையில் வருபவை இந்த இரண்டும்தான். கார்டிலைன், கலாத்தியா போன்றவையும் அவற்றோடு வரும். நீங்கள் இருப்பதோ பாலக்கோடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தடுப்பு என்ற சொல் ஏன் இருக்கிறது? நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீர் பல ஊர்களில் பல்லையும் எலும்பையும் கெடுத்ததால்தான் ஜப்பான் கடனுதவியோடு காவிரி நீரைக் கொண்டுவந்து 2013ஆம் ஆண்டில் அதைத் தொடங்கினார்கள். மனிதரின் பல்லில் கறை படிய வைக்கும் அதே பொருள் ட்ரசீனாவின் நுனியைச் சுடுகிறது.

ஈ.சி. மீட்டரோ டி.டி.எஸ். மீட்டரோ ஃபுளோரைடைத் தனியாகக் காட்டாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். கிணற்று நீர் ஒரு பாட்டில், கழிவு நீர் ஒரு பாட்டில் என்று இரண்டும் கொடுங்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். முடிவு வரும்வரை உரத்தை முழுதும் நிறுத்துங்கள்.

பென்னாகரம் வேதியியல் ஆசிரியர், மார்ச் 11, காலை

இந்த விவாதத்தைக் காலையில்தான் படித்தேன். எங்கள் பகுதிக்கு நெருக்கமான செய்தி என்பதால் சிறிது விரிவாக எழுதுகிறேன்.

நம் மாவட்டங்களின் அடியில் இருப்பது கடினமான நைஸ், சார்னோக்கைட், கிரானைட் பாறைகள். அவற்றிலுள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்களில் ஃபுளோரின் இருக்கிறது. பாறை வெடிப்புகளில் நீண்ட காலம் தங்கும் நீர் அதைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்கிறது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று, நீரில் கால்சியம் அதிகம் இருந்தால் ஃபுளோரைடு ஓரளவுக்கு மேல் ஏற முடியாது என்பதுதான். இரண்டும் சேர்ந்து கால்சியம் ஃபுளோரைடாகப் படிந்துவிடும். சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்து, கால்சியம் குறைந்த நீரில்தான் ஃபுளோரைடு தங்குதடையின்றி உயர்கிறது. ஆகவே, பாத்திரத்தில் வெள்ளைப்படிவு அதிகம் விடாத நீர் நல்ல நீர் என்று நாம் கொள்ளும் அடையாளம் இந்த ஒரு பொருளைப் பொறுத்தவரை நம்மை ஏமாற்றிவிடும்.

இன்னும் இரண்டு தவறான நம்பிக்கைகளையும் சொல்ல வேண்டும். குழாய் நீரை இரவு முழுதும் திறந்து வைத்தால் குளோரின் பறக்கும், ஃபுளோரைடு பறக்காது. நீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடும். இதைச் சொல்லும்போது, செடியை விட்டுவிட்டு ஒன்றைக் கேட்க விரும்புகிறேன், சகோதரி. குடிப்பதற்கு ஆர்.ஓ. நீர் என்கிறீர்கள், சோறு வடிப்பதற்கும் குழம்புக்கும் எந்த நீர்?

ஊத்தங்கரை விவசாயி, மார்ச் 11, இரவு

நண்பர்களுடைய அறிவை மதிக்கிறேன். ஆனால் இதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. எங்கள் கிணற்றிலும் ஃபுளோரைடு இருக்கிறது என்று சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். அதே நீரில்தான் பதினைந்து ஆண்டுகளாக மாவும் தென்னையும் வைத்திருக்கிறேன். ஒரு மரத்திலும் இப்படி நுனி கருகியதில்லை. அறைச்செடிக்கு மட்டும் நஞ்சாகும் தண்ணீர் என்று ஒன்று உண்டா?

மத்தூர் நாற்றங்கால், மார்ச் 12, காலை

நியாயமான கேள்வி. இதற்கு விடை சொல்லாமல் மேலே போகக் கூடாது.

உங்கள் மாமரத்தின் வேரைச் சுற்றி மண் இருக்கிறது. அந்த மண்ணிலுள்ள களியும் சுண்ணாம்பும் அலுமினியமும் இரும்பும் ஃபுளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. வேருக்கு வரும் பங்கு சிறியது. நார்க்கழிவில் அப்படிப் பிடித்துவைக்கும் பொருள் இல்லை. தண்ணீரில் இருப்பது ஏறக்குறைய அப்படியே வேருக்கு வந்துவிடும். அடுத்தது மழை. ஆடியிலும் ஐப்பசியிலும் பெய்யும் மழை உங்கள் தோப்பின் உப்பை வேர்மட்டத்துக்குக் கீழே கழுவி இறக்கிவிடுகிறது. மாடி அறைக்குள் இருக்கும் செடி பிறந்ததிலிருந்து ஒரு மழையைக்கூடப் பார்த்ததில்லை. முதல் நாள் ஊற்றிய உப்பும் இன்று ஊற்றிய உப்பும் அந்த ஆறு அங்குலத் தொட்டிக்குள்ளேயேதான் கிடக்கின்றன. வெளித்தோட்டத்தின் அனுபவத்தை அப்படியே அறைக்குள் கொண்டு போக முடியாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். செடியினத்துக்குச் செடியினம் தாங்கும் திறனும் மாறும்; மா தாங்குவதை ட்ரசீனா தாங்காது.

பாலக்கோடு செடிவீடு, மார்ச் 20, மாலை

முடிவு வந்துவிட்டது. கிணற்று நீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 2.3 மில்லிகிராம்; கழிவு நீரில் 3.0. கிணற்று நீரின் பி.எச். 8.1, பைகார்பனேட் 488, சோடியம் 210, கால்சியம் 28 மட்டும்.

ஆசிரியர் ஐயா கேட்ட கேள்விக்கு அன்றே பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. குடிக்க மட்டும்தான் ஆர்.ஓ. நீர், சமையலுக்குக் கிணற்று நீரைத்தான் பயன்படுத்தி வந்தோம்.

பென்னாகரம் வேதியியல் ஆசிரியர், மார்ச் 20, இரவு

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர் அளவுகோலில் ஏற்கத்தக்க அளவு 1.0, வேறு நீரே கிடைக்காதபோது பொறுக்கத்தக்க உச்ச அளவு 1.5. உங்கள் கிணறு இரண்டையும் தாண்டுகிறது. மனம் வருந்த வேண்டாம்; இன்றிலிருந்து சமையலுக்கும் ஆர்.ஓ. நீரையோ ஒகேனக்கல் குழாய் நீரையோ பயன்படுத்துங்கள். சிறு பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதை ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள்.

ஓசூர் பசுமைக்குடில் மேலாளர், மார்ச் 21, காலை

நான் ரோஜா பசுமைக்குடிலில் உரநீர்ப் பொறுப்பில் இருப்பவன். 488 பைகார்பனேட் என்பதைப் பார்த்தவுடன் பீஸ் லில்லியின் மஞ்சளுக்கு விடை கிடைத்துவிட்டது, அக்கா. பைகார்பனேட் கலவையின் பி.எச்.சை உயர்த்திக்கொண்டே போகும், 7.6இல் இரும்பு தொட்டியில் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. நாங்கள் நைட்ரிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ சேர்த்து நீரை 5.8க்குக் கொண்டுவந்த பிறகுதான் செடிக்கு விடுகிறோம். நீங்களும் அப்படிச் செய்யலாம்.

மத்தூர் நாற்றங்கால், மார்ச் 21, மதியம்

இந்த இடத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். ஓசூர் தம்பி சொல்வது ரோஜாவுக்கும் பீஸ் லில்லிக்கும் சரி. அதையே ட்ரசீனாவுக்குச் செய்தால் கேடு. பி.எச். இறங்க இறங்க ஃபுளோரைடு கரைந்து வேருக்கு எளிதாகக் கிடைக்கும் என்பதால்தான், இத்தகைய செடிகளின் கலவையை 6.5ஐ ஒட்டி வைக்கச் சொல்வார்கள். பாஸ்பாரிக் அமிலத்தில் இன்னொரு இடரும் உண்டு. அது பாறைப் பாஸ்பேட்டிலிருந்து வருவது. அந்தப் பாறையிலேயே ஃபுளோரின் இருக்கிறது. ஒரே அறையில் ஒரு செடி பி.எச்.சைக் குறைக்கக் கேட்கிறது, பக்கத்துச் செடி குறைக்காதே என்கிறது. ஒரே வாளியில் கலந்து 160 தொட்டிக்கும் ஊற்றும் வழக்கம் இன்றோடு முடிய வேண்டும்.

அம்மா, கலவை தயாரிக்கும்போது சூப்பர் பாஸ்பேட் போட்டீர்களா?

ஓசூர் பசுமைக்குடில் மேலாளர், மார்ச் 21, மாலை

ஒப்புக்கொள்கிறேன், ஐயா. ரோஜாவில் ஃபுளோரைடை நாங்கள் பார்ப்பதே இல்லை. ஆனால் ஓர் ஐயம். அக்காவின் வடிநீர் பி.எச். 7.6 அல்லவா? அவ்வளவு உயர்வில் ஃபுளோரைடு கட்டுண்டு கிடக்க வேண்டுமே, ஏன் கருகியது?

பென்னாகரம் வேதியியல் ஆசிரியர், மார்ச் 21, இரவு

கட்டுவதற்குக் கயிறு வேண்டும் அல்லவா? பி.எச். உயர்வதால் மட்டும் ஃபுளோரைடு படிந்துவிடாது. படிவதற்குக் கால்சியம் வேண்டும். அவருடைய நீரில் அது 28தான். 19:19:19 உரத்தில் கால்சியமே கிடையாது. ஒவ்வொரு முறையும் புதிதாக 3.0 அளவில் ஃபுளோரைடை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். தடுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

பாலக்கோடு செடிவீடு, மார்ச் 22, காலை

ஆமாம், ஐயா. வேர் நன்றாக விடும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். தொட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி சிங்கிள் சூப்பர் பாஸ்பேட் போட்டிருக்கிறேன். எல்லாத் தொட்டியிலும் போட்டேன்.

மத்தூர் நாற்றங்கால், மார்ச் 22, இரவு

அதிலும் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்குவரை ஃபுளோரைடு இருக்கும். நிலத்துக்கு அது நல்ல உரம்தான்; இந்த இரண்டு செடிகளின் தொட்டிக்கு மட்டும் ஆகாது.

இனிச் செய்ய வேண்டியது இது. ட்ரசீனாவையும் ஸ்பைடர் பிளான்டையும் ஒரு தட்டுக்கு மாற்றி, பழைய கலவையை உதறிவிட்டுப் புதிய நார்க்கழிவில் நடுங்கள். புது நார்க்கழிவிலும் சொந்த உப்பு இருக்கும். அதை வலைப்பையில் கட்டி நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்து, பிழிந்த நீர் ஈ.சி. 1க்குக் கீழே வரும்வரை அலசுங்கள். கடைசி அலசலுக்கு முன் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஓரிரவு ஊறவிட்டால், நாரில் ஒட்டியிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் கழன்று கால்சியம் ஏறும். பிறகு சிறிது டோலமைட் தூள் கலந்து, பி.எச். 6.5 பக்கம் நிற்கிறதா என்று அளந்து பாருங்கள். சூப்பர் பாஸ்பேட்டும், கலவையைப் பொலபொலப்பாக்கச் சேர்க்கும் பெர்லைட் என்ற வெண்துகளும் வேண்டாம்.

இந்தச் செடிகளுக்குக் கழிவு நீரும் கிணற்று நீரும் கூடாது. எத்தனை தொட்டிகள்? அறுபது இருக்குமா? தொட்டிக்கு 150 மில்லி வீதம் வாரம் இருமுறை ஊற்றினால் 18 லிட்டர்தான். உங்கள் ஆர்.ஓ. குடிநீரில் ஒரு குடத்துக்குச் சற்றுக் கூடுதல். கோடை மழை தொடங்கியவுடன் அதுவும் தேவைப்படாது. மாடியில் 10 அடிக்கு 20 அடி தகரக்கூரை இருந்தால், ஒரே ஒரு 25 மில்லிமீட்டர் மழையில் 460 லிட்டர் விழும். முதல் சில நிமிடத் தூசி நீரை வெளியே விட்டுவிட்டு மீதியைப் பிடித்தால், வழிந்தது சிந்தியது போக, நான்கு மாதங்களுக்கு வரும். மழைநீரிலும் ஆர்.ஓ. நீரிலும் சத்து எதுவும் இல்லை என்பதால் 15 நாளுக்கு ஒருமுறை 19:19:19 லிட்டருக்கு 1 கிராம், இடையில் வேறொரு நாளில் கால்சியம் நைட்ரேட் அரைக் கிராம். இரண்டையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள். பாஸ்பேட்டும் கால்சியமும் சேர்ந்து கால்சியம் பாஸ்பேட்டாகப் படிந்து வீணாகும்.

பீஸ் லில்லிக்கு மட்டும் ஓசூர் தம்பியின் வழி. ஆனால் அமிலம் இல்லாமலே தொடங்கலாம். இரும்புச் செலேட் (இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் உரம்) வாங்கும்போது ஈ.டி.டி.ஏ. வகை வேண்டாம், பி.எச். 6.5ஐத் தாண்டினால் அது வலுவிழந்துவிடும். ஈ.டி.டி.எச்.ஏ. வகை உங்கள் 7.6இலும் தாங்கும். விலை கூடுதல்தான், ஆனால் தேவைப்படும் அளவு மிகச் சிறிது. ஊற்றும்போது பை மீது எழுதியுள்ள அளவைத் தாண்டாதீர்கள்.

கெலமங்கலம், மார்ச் 23, காலை

கருகிய நுனிகளைக் கத்தரித்துவிடலாமா, ஐயா? கடைக்காரர்கள் நுனியைப் பார்த்துத்தான் விலை சொல்கிறார்கள்.

மத்தூர் நாற்றங்கால், மார்ச் 23, மதியம்

கத்தரிக்கலாம். செத்த பகுதி எப்படியும் பச்சையாகாது. இலையின் கூர்வடிவிலேயே, பழுப்பில் ஒரு நூலிழை விட்டு வெட்டுங்கள். பச்சைத் திசுவில் கத்தரி பட்டால் அந்த வெட்டிலிருந்து மறுபடியும் காயும். செடி தேறியதா என்பதை வெட்டிய இலையில் தேடாதீர்கள். இனி வரும் இலை முதிரும்போது அதன் நுனியில் தேடுங்கள்.

பாலக்கோடு செடிவீடு, ஜூன் 15, இரவு

மூன்று மாதம் பொறுத்து எழுதுகிறேன். புது இலைகள் முதிரும்வரை எதையும் சொல்லக் கூடாது என்று காத்திருந்தேன். சித்திரைக் கடைசியில் பெய்த இரண்டு கோடை மழையில் தகரக்கூரையிலிருந்து மொத்தம் 600 லிட்டர் பிடித்தேன். அதன் ஈ.சி. மீட்டரில் 0.05. மாற்றி நட்ட 60 தொட்டிகளில் ஐந்து போய்விட்டன. வேரை உதறும்போது நான் அவசரப்பட்டிருக்கிறேன். மீதியில் மார்ச்சுக்குப் பிறகு வந்த ஸ்பைடர் பிளான்ட் இலைகள் முழு நீளத்துக்கு வளர்ந்தும் நுனி கூர்மையாக, பச்சையாகவே நிற்கின்றன. ட்ரசீனா மெதுவாக வளர்வதால் ஒவ்வொன்றிலும் நான்கைந்து இலைகளே புதியவை. அவற்றில் ஒன்றில்கூட ஓரம் காயவில்லை. வடிநீர் ஈ.சி. இப்போது 1.3.

பீஸ் லில்லிக்கு இரும்பு ஊற்றிய மூன்றாம் வாரத்திலேயே குருத்து கரும்பச்சையாக விரிந்தது. முன்பே மஞ்சளான இலைகள் சில ஓரளவு பசுமை திரும்பின. முற்றிலும் வெளுத்தவை திரும்பவில்லை. மணி பிளான்டுக்கும் சிங்கோனியத்துக்கும் கிணற்று நீரையே ஊற்றுகிறேன். மாதம் ஒருமுறை அடியில் நன்றாக வடியும்வரை ஊற்றிக் கழுவுகிறேன். ஆர்.ஓ. கழிவு நீர் இப்போது கழிப்பறைக்கும் தரை துடைப்பதற்கும் போகிறது.

திருப்பி அனுப்பிய அதே கடைக்காரர் நேற்று வந்து பார்த்துவிட்டு, 25 ஸ்பைடர் பிளான்டுகளை எடுத்துச் சென்றார். சமையலுக்கு ஒகேனக்கல் குழாய் நீரைப் பிடித்து வைக்கிறோம். ஊத்தங்கரை ஐயாவிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டுத் திண்ணையில் தொட்டிச்செடிகள் எவையேனும் இருந்தால், அவற்றின் முதிர்ந்த இலை நுனியைப் பார்த்து இங்கே எழுதுங்கள்.

ஊத்தங்கரை விவசாயி, ஜூன் 16, காலை

பார்த்தேன், அம்மா. மருமகள் வைத்திருக்கும் ட்ரசீனா ஒன்று திண்ணையில் உள்ளடங்கி, மழை படாத இடத்தில் இருக்கிறது. கீழ் இலைகள் ஆறிலும் நுனி பழுப்பு. கிணற்று நீரைத்தான் ஊற்றுகிறாள். இன்றைக்கு அதைக் கூரைத் தாழ்வாரத்துக்கு வெளியே நகர்த்தி வைத்திருக்கிறேன்.

மத்தூர் நாற்றங்கால், ஜூன் 16, காலை

மழைக்கு மட்டும் வெளியே வையுங்கள், ஐயா, நேர்வெயிலில் விட்டுவிடாதீர்கள். நிழலில் பழகிய இலை ஒரே பகலில் வெளுத்துத் தீய்ந்துவிடும். பிறகு அதை ஃபுளோரைடு என்று எண்ணி இங்கே எழுத வேண்டியிருக்கும்.